மைக்கில் உச்சுக்கொட்டியவள்

பர்ன்லி,
15 அக்டோபர் 1954, வெள்ளிக்கிழமை காலை

என் செல்ல மகள் மேவிஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பா முழங்காலைத் தவிர மற்ற இடங்களிலெல்லாம் சுகம், ரேடியோ எங்கள் இரண்டு பேரையும் விடச் சுகம். அடிலெய்டில் நீயும் மாப்பிள்ளை லென்னும் நன்றாக இருக்கிறீர்கள் என்று உன் போன கடிதத்தில் தெரிந்துகொண்டேன், இருந்தாலும் வெயிலில் தொப்பி இல்லாமல் துணி காயப் போடுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அது வேண்டாம், போட்டுக்கொள். இப்போது மணி ஒன்பதரை. ரேடியோவைப் போடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் நீ நம்ப மாட்டாய். பக்கத்து வீட்டு டோரா ஹார்க்ரீவ்ஸ் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தமே வரவில்லையே என்று பயந்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

விஷயம் இதுதான். ரேடியோக்காரர்கள் ஊர் ஊராகப் போய் நடத்துவார்களே, கேள்வி கேட்டு மணி அடிக்கிற நிகழ்ச்சி, அது போன மாதக் கடைசியில் நம் ஊர்க் கூட்டுறவுச் சங்க மண்டபத்துக்கு வந்தது. டோரா எனக்குத் தெரியாமல் என் பெயரை எழுதிப் போட்டுவிட்டாள், சுவர் வழியாக எட்டு வருஷமாக எல்லாக் கேள்விக்கும் நான் பதில் கத்துவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டதாம், இனி நாடே கேட்கட்டும் என்றாள். நானும் ஒப்புக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. காரணம் பெருமை மட்டும் இல்லை மேவிஸ். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் யாருக்காவது ஒரு வாக்கியம் சொல்லிக்கொள்ளலாம் என்றும், நிகழ்ச்சி பிறகு வெளிநாட்டுக்கும் போகும் என்றும் சொன்னார்கள். நீ கப்பலேறப் போன அன்று காலை பற்றி உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று ஒன்றரை வருஷமாக என் தொண்டையில் நிற்கிறது. அதை அந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். துணி துவைக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், உன் அப்பாவின் சட்டைகளுக்கு அது மனப்பாடம்.

மண்டபத்தில் நடந்ததைக் கேள். கேள்வி கேட்கிறவரின் அந்தக் குரலுக்கு ஆறடி உயரமும் நிறைய முடியும் இருக்கும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். வந்தவர் என் தோள் உயரம், தலை முட்டை மாதிரி. நாங்கள் நாலு பேர் மேடையில் உட்கார்ந்தோம். உட்கார்ந்ததும் நல்ல நாற்காலி, காதுக்குப் பக்கத்திலேயே அந்தக் குரல், எனக்கு வீட்டில் இருக்கிற மாதிரியே ஆகிவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்துவிட்டேன். ஆஸ்திரேலியாவின் தலைநகரம் எது என்று கேட்டார். உன் நாட்டுக் கேள்வி! வீட்டிலாக இருந்தால் அவர் வாயை மூடுவதற்குள் கத்தியிருப்பேன். ஆனால் அங்கே என்ன தோன்றியது தெரியுமா, பாவம் எந்த மடையன் மாட்டிக்கொண்டானோ, பார்ப்போம் என்று காத்திருந்தேன். ஒருவரும் பேசவில்லை. நாலாவது வரிசையில் உன் அப்பா, தறிச் சத்தத்தில் பேசுகிற மாதிரி, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் பெரிதாக அசைத்து "நீதான், நீதான்" என்கிறார். மில்லில் இருபது வருஷம் நெய்தவள் நான், அந்த உதட்டுப் பேச்சு எனக்கு அச்சுப் போலப் புரியும். புரிந்தும் என்ன செய்தேன், நீதான் கெட்டிக்காரி, உனக்குத் தெரியும் என்று பாராட்டுகிறார் என்று நினைத்து அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். பிறகு பக்கத்து நாற்காலிக்காரர் பக்கம் திரும்பி, உச்சுக்கொட்டி, மைக்குக்கு நேராகச் சொன்னேன்: "அடப் பாவமே, இதுகூடவா தெரியல? இதுங்களையெல்லாம் எங்கதான் புடிச்சுட்டு வர்றாங்களோ."

அந்தக் குட்டை மனிதர் ரொம்ப மரியாதையாக, "அம்மா, உங்களத்தான் கேட்டேன்" என்றார். அதற்குள் நேரம் முடிந்த மணி அடித்துவிட்டது. மண்டபம் கூரை பறக்கச் சிரித்தது, டோரா சிரித்த சிரிப்பில் அவள் தொப்பி முன் வரிசைக்குப் போய் விழுந்தது. ஆனால் மேவிஸ், அதற்குப் பிறகு யாருக்கு என்ன சொல்லப் போகிறீர்கள் என்று அவர் கேட்டபோது, நான் எழுந்து நின்று உனக்கான வாக்கியத்தைத் தடுமாறாமல் சொன்னேன். முன் வரிசையில் ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். ஆக எனக்கு ஒரே வேண்டுதல்: பதிவு செய்ததை ஒலிபரப்பும்போது உச்சுக்கொட்டியதை வெட்டிவிட வேண்டும், வாக்கியத்தை விட்டுவைக்க வேண்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் அப்படியே வரட்டும், அவமானம் போனால் போகிறது என்றும் நினைத்துக்கொண்டேன்.

நேற்றுதான் ஒலிபரப்பு, மாலை ஏழரைக்கு. பொழுது போகவேண்டுமே, காலையிலிருந்தே போட்டுவிட்டேன். ஒன்பது மணி இசைத்தட்டுகளுக்கு உருளைக்கிழங்கு உரித்தேன், இரண்டு பேருக்குப் பதில் பன்னிரண்டு பேருக்கு உரித்திருக்கிறேன். மத்தியானம் ஏதோ தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒருவர் நகைச்சுவை சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள், என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று பட்டது. இரண்டு மணிக்குப் பெண்கள் நிகழ்ச்சி, அதில் வருகிற தொடர்கதையில் அந்த டாக்டர் கடைசியில் கதாநாயகியிடம் கல்யாணத்துக்குக் கேட்டேவிட்டார், ஆனால் அவள் என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்காதே, அந்த நேரம் பார்த்துக் கஸ்டர்ட் அடிப்பிடித்தது. ஐந்து மணிக் குழந்தைகள் கதையைக்கூட விடவில்லை. உன் அப்பா வேலையிலிருந்து வந்து, கஸ்டர்ட் ஏன் பழுப்பாக இருக்கிறது என்று கேட்காமல் சாப்பிட்டார். நல்ல மனிதர்.

ஏழரைக்கு டோராவும் அவள் புருஷன் வால்டரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். என் முறை வந்தது. அந்த அமைதி வந்தது, ரேடியோவில் அது மண்டபத்தில் இருந்ததை விட நீளம். வால்டர், "ஐவி வாய மூடிட்டு இருந்தத ஊரே கேட்டுச்சுன்னா அது இன்னிக்குத்தான்" என்றார். பிறகு உச்சு. "அடப் பாவமே" முழுசாக, ஒரு எழுத்துக்கூட வெட்டாமல். டோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், நானும் சிரித்தேன், அடுத்து வரப்போவது எனக்குத் தெரியுமே. ஆனால் அடுத்து வந்தது, மேடையில் எங்கள் நாலு பேரில் ஒருவரான புறா வளர்க்கிறவர். பிளாக்பூலில் இருக்கிற அவர் தங்கைக்கு அவர் சொன்ன வாழ்த்து முழுசாக வந்தது. என் வாக்கியம் இல்லை. மேவிஸ், ஒரு சொல்கூட இல்லை.

டோரா சிரிப்பதை நிறுத்தினாள். உன் அப்பா எழுந்து போய் ரேடியோவை அணைத்தார், நிகழ்ச்சி முடிவதற்கு முன்னால் அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. அவர்கள் இருவரும் நாற்காலியோடு போன பிறகு, நான் பொரிந்து தள்ளினேன், புறாக்காரனுக்கு நேரம் இருக்கிறது, எனக்கு இல்லையா, நிலையத்துக்கே எழுதிக் கேட்கிறேன் என்று. உன் அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "மேவிஸ்கிட்ட சொல்ல வேண்டியத மேவிஸ்கிட்ட சொல்லு ஐவி. நடுவுல ஊரு எதுக்கு?" என்று மட்டும் சொன்னார். வான்கடிதத் தாள் ஒன்றை மேசை மேல் வைத்துவிட்டுப் படுக்கப் போனார். எனக்குக் கோபம் வந்தது, அவர் சொன்னது சரியாக இருந்ததால்தான் வந்தது. பெற்ற பெண்ணிடம் நேராகச் சொல்ல நெஞ்சுரம் இல்லாதவள், நாடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லப் போனேன் பார். கைதட்டல் கிடைத்தால் நீ மறுக்க முடியாது என்று ஒரு கணக்கு.

சரி, கைதட்டல் இல்லாமல் சொல்கிறேன். நீ புறப்பட்ட அன்று தலைவலி, படுத்திருக்கிறேன் என்று சொன்னேனே, எனக்குத் தலைவலி இல்லை. படுக்கவும் இல்லை. ஸ்டேஷனுக்கு வந்தால் உன்னை ரயிலேற விடமாட்டேன் என்று பயந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, உன் டாக்சி போகிற சத்தம் கேட்கக் கூடாது என்று ரேடியோவை எவ்வளவு போகுமோ அவ்வளவு சத்தமாக வைத்தேன். நீ கதவைத் தட்டினாய். அது கேட்டது. கேட்காத மாதிரி இருந்தேன். வந்திருக்க வேண்டும், வரவில்லை, என்னை மன்னித்துவிடு. நீ போனதில் எனக்குக் கோபம் இல்லை, அன்றும் இல்லை.

கடவுள் உன்னையும் லென்னையும் நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும், எடுத்த காரியமெல்லாம் கூடி வரட்டும். தொப்பியை மறக்காதே. இந்த மாதக் கடைசி ஞாயிறு அந்த நிகழ்ச்சி உங்கள் பக்கம் ரேடியோவில் வருகிறதாம், உன் அப்பா கணக்குப் போட்டுப் பார்த்தார், உனக்கு அது விடிகாலை நாலு மணி. அதற்காக எழுந்திருக்காதே, தூங்கு. உனக்கென்று அதில் ஒன்றும் இல்லை.

என்றும் உன் அம்மா,
ஐவி