கொடியை வெட்டாதவளுக்கு

இன்று காலை ஜோகுபாளையம் முனையில் ஒருத்தன் தள்ளுவண்டியில் ஸ்ட்ராபெரி விற்றுக்கொண்டிருந்தான். வாசனை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. வாங்கவில்லை. நீ இல்லாத வீட்டுக்கு அதைக் கொண்டுபோய் என்ன செய்ய?

நான் மாலியாகத் தோட்ட வேலை பார்த்த பங்களாவின் துரை, சுதந்திரம் வந்த வருஷம் சீமைக்குக் கப்பலேறும்போது, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மற்றவர்கள் கட்டில், நாற்காலி என்று தூக்கினார்கள். நீ ஸ்ட்ராபெரிச் செடிகளைப் பிடுங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாய். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

மர்பி டவுன் வீட்டுப் பின்புறம் நட்டோம். அதற்கு விதை வேண்டாம். தாய்ச்செடி தரையோடு கொடி விடும். கொடி நுனியில் குட்டிச்செடி முளைத்து மண்ணில் வேர் பிடிக்கும். பிடித்ததும் கொடியை வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் தாயும் சரியாகக் காய்க்காது, பிள்ளையும் தேறாது. நீ வெட்டவே விடமாட்டாய். "பச்சப் புள்ளங்க, தாய்கிட்ட பால் குடிக்கட்டும்ங்க" என்பாய். பாத்தி முழுக்க இலை, பழமோ சுண்டைக்காய் அளவு. "மாலி வீட்டுத் தோட்டமாடி இது?" என்று கத்துவேன்.

நமக்குப் பிள்ளை இல்லை. கோலார் தங்கவயலிலிருந்து உன் தங்கை தன் கடைசிப் பெண்ணை, படிக்கட்டும் என்று நம்மிடம் விட்டுப்போனாள். சோறு ஊட்டியதும், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டதும் நீதான். ஆனால் அவள் அம்மா என்று வாயெடுத்தாலே திருத்திவிடுவாய். "பெரியம்மான்னு சொல்லு கண்ணு. பெத்தவ ஒருத்தி இருக்கா."

காலேஜில் சேர்ந்தபின் ஒருநாள் பாடம் படித்துக்கொண்டிருந்தவள் சொன்னாள். "பவளம் வெறும் கல்லு இல்ல பெரியம்மா, உயிரு. ஒடம்புலயே அரும்பு விட்டு இன்னொண்ணு வளரும், நம்ம ஸ்ட்ராபெரி மாதிரி. ஆனா இதுல குட்டி பிரிஞ்சு போகாது, ஒட்டிக்கினே இருக்கும்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த நீ முறத்தைக் கீழே வைத்தாய். "பிரியவே பிரியாதாடி? குடுத்து வச்ச உயிரு."

படிப்பு முடிந்ததும் உன் தங்கை வந்தாள். மாப்பிள்ளை பார்த்தாயிற்று, கூட்டிப்போகிறேன் என்றாள். பெண் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரு என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருப்பாள். நீ சொல்லவில்லை. அவள் பெட்டியை நீயே அடுக்கினாய்.

கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது ஜன்னல் வழியே "அம்மா!" என்று கூவினாள். பெற்றவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போலத் திருத்துவாய் என்று உன்னைப் பார்த்தேன். "என்னாம்மா" என்று உன் உதடு மட்டும் அசைந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாய். "ஒரு தடவ கூப்ட்டாள்ல, போதுங்க."

நீ போன பிறகு அவள்தான் மாதாமாதம் வந்து எனக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போகிறாள். பெரியப்பா என்றுதான் கூப்பிடுகிறாள், நீ பழக்கிய பழக்கம். கதவைத் தட்டும் ஒவ்வொரு முறையும், இன்றைக்காவது வேறு மாதிரி கூப்பிடுவாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் அளவுக்கு மனசு எனக்கு ஏதடி?