கறுப்புக் குடைக்கு உரியவர்

அனுப்புநர்:
கடிகாரம் பழுது பார்ப்பவர்,
(அறிவிப்பு அறையில் பணிபுரிந்த ‘மைக்கம்மா’வின் கணவர்)
இரண்டாம் நடைமேடைப் படிக்கட்டின் கீழ்க் கடை,
மத்தியப் பேருந்து நிலையம்.

பெறுநர்:
உயர்திரு பிரிவு அதிகாரி அவர்கள்,
இணையக் குற்றத் தடுப்புப் பிரிவு,
மூன்றாம் மாடி, காவல் தலைமை அலுவலகம்.

பொருள்: என் மனைவியின் அழுகையையும் குரலையும் இணையத்திலிருந்து நீக்கித் தரவும், அவர் வாய் திறந்து பேசாத நிலையிலேயே இப்புகாரை ஏற்றுக்கொள்ளவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் நான் நேரில் கொடுத்த மனுவும், அதற்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்கு என் வணக்கம். முதல் மனுவை ஒரே பக்கத்தில் சுருக்கமாக எழுதும்படி தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அப்படியே எழுதினேன். சுருக்கியதில் விஷயமே விடுபட்டுப்போனது என்று இப்போது தெரிகிறது. ஆகவே இம்முறை நீளமாக எழுதுவதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. நான் மேற்படிப் பேருந்து நிலையத்தில் கடிகாரக் கடை வைத்திருப்பவன். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். படிக்கட்டுக்குக் கீழே ஒரு மேசை, ஒரு விளக்கு, நிமிர்ந்தால் தலையில் இடிக்கும் கூரை, அவ்வளவுதான். என் மனைவி அதே நிலையத்தின் அறிவிப்பு அறையில் இருபது வருடங்களுக்கும் மேலாக வேலை பார்த்தவர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதமாக வரும், யாருடைய குழந்தை அம்மாவைத் தேடி அழுகிறது என்பதையெல்லாம் மைக்கில் சொல்வது அவர் பணி. ஓட்டுநர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவர் ‘மைக்கம்மா’. வீட்டில் அவர் நன்றாகச் சத்தம் போடுவார், வம்பு பேசுவார், விழுந்து விழுந்து சிரிப்பார். மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டால் மழை கொட்டினாலும் மந்திரி வந்தாலும் அந்தக் குரல் ஏறாது, இறங்காது.

2. இங்கே ஒரு விதிமீறலைத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. கடிகாரத்தின் உள்ளே காந்தம் ஏறினால் ஓட்டம் கெட்டுவிடும் என்பதால் வேலை நேரத்தில் என் கைப்பேசி தூரத்து அலமாரியில், சத்தம் இல்லாமல் கிடக்கும். மனைவி கூப்பிட்டால் தெரியாது. சொந்த விஷயத்துக்கு மைக்கைப் பயன்படுத்தவும் அனுமதி இல்லை. அறிவிப்பு அறையில், யாரும் கேட்டு வராத கறுப்புக் குடை ஒன்று வருடக்கணக்காகக் கிடந்தது. ஒருநாள் மதியம் அவர் மைக்கில், “கறுப்புக் குடை ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர் அறிவிப்பு அறைக்கு வந்து பெற்றுக்கொள்ளவும்” என்றார். என்னிடம் முன்கூட்டி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் எனக்குப் புரிந்துவிட்டது. பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று. நிஜமாகவே கறுப்புக் குடையைத் தொலைத்தவர்களும் சில நாள் வந்து நின்றதுண்டு. அவர்களை என் மனைவி எப்படியோ பேசிச் சமாளித்து அனுப்பிவிடுவார். நாளடைவில் நிலையம் முழுவதற்கும் இந்த ரகசியம் தெரிந்துபோய், அறிவிப்பு வந்ததும், “குடைக்காரரே, வீட்டுல கூப்பிடுறாங்க” என்று நடத்துநர்களே என்னைக் கிளப்பிவிடுவார்கள். இதற்காக நிர்வாகம் என்ன அபராதம் விதித்தாலும் கட்டச் சித்தமாக இருக்கிறேன்.

3. சென்ற வருடம் ஒரு மதிய வேளையில், இரண்டாம் நடைமேடையில் பின்னால் எடுத்த வண்டியின் சக்கரத்துக்கு அடியில் பயணி ஒருவரின் கால் மாட்டிக்கொண்டது. இடம் என் கடைக்கு நேர் எதிரே. தூக்கியவர்களில் நானும் ஒருவன். அவருடன் வந்தவர்கள் யாரும் இல்லாததால் ஆம்புலன்சில் நானே ஏறிக்கொண்டேன். அவசரத்தில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கைப்பேசி வழக்கம்போல அலமாரியில் கிடந்தது.

4. அறிவிப்பு அறைக்கு வெளியே ஓடிய யாரோ, “கடிகாரக் கடைக்கிட்ட ஒருத்தர் வண்டிக்கு அடியில போயிட்டாராம்” என்று கத்திக்கொண்டே போயிருக்கிறார். என் மனைவியால் எழுந்து ஓட முடியாது. இரண்டாம் நடைமேடைக்கு வரும் வண்டிகளையெல்லாம் ஐந்தாம் நடைமேடைக்குத் திருப்ப வேண்டும், கூட்டத்தை விலக்க வேண்டும். அவர் எழுந்தால் இன்னொரு உயிர் போகலாம். ஆகவே உட்கார்ந்த இடத்திலிருந்தே வண்டிகளைத் திருப்பினார். ஒவ்வோர் அறிவிப்புக்கும் நடுவே கறுப்புக் குடைக்கு உரியவரை வரச் சொன்னார். யாரும் வரவில்லை. அப்புறம் ஒரு தடவை, “கறுப்புக் குடைக்கு உரியவர் எங்கிருந்தாலும்” என்று ஆரம்பித்தவர், அதற்கு மேல் முடியாமல் அழுதுவிட்டார். “ஏங்க, குடை இங்கதாங்க இருக்கு. வந்துடுங்க. எடுத்து வெச்சிருக்கேங்க, வந்துடுங்க” என்று அந்தப் பெரிய நிலையம் முழுக்கக் கேட்க அழுதார். மூக்கைத் துடைத்துக்கொண்டு உடனே ஐந்தாம் நடைமேடை அறிவிப்பையும் தவறில்லாமல் சொன்னார். நான் திரும்பி வந்தபோது எடுத்து வைத்த சாப்பாடு ஆறிப்போயிருந்தது. சட்டையெல்லாம் ரத்தத்துடன் நின்ற என்னைப் பார்த்து, “எங்க போய்த் தொலைஞ்சுச்சு இந்தக் குடை?” என்று கேட்டுவிட்டு அழுகையும் சிரிப்புமாக என் தோளில் அடித்தார். அந்தப் பயணியும் காலோடு பிழைத்துக்கொண்டார். எங்களைப் பொறுத்தவரை விஷயம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும்.

5. வண்டிக்குக் காத்திருந்த ஓர் இளைஞர், அறிவிப்பு அறையின் கண்ணாடி வழியாக அந்த அழுகையைக் கைப்பேசியில் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார். அதில் விபத்து இல்லை, ரத்தம் இல்லை, நானும் இல்லை. ஒரு பொம்பளை குடைக்காக மைக்கில் ஓவென்று அழுகிறாள், அது மட்டும்தான் இருந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காரணம் தெரியாமல் இருந்தால் நானும் சிரித்திருக்கக்கூடும் என்பதால் அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அது அங்கே நிற்கவில்லை. அழும் முகம் ஸ்டிக்கர் ஆயிற்று. எதையாவது தொலைத்தவருக்கு, தாமதமாக வருகிறவருக்கு, ஆட்டத்தில் தோற்ற அணிக்கு எல்லாம் என் மனைவியின் முகத்தை அனுப்பினார்கள். அழுகைக்குத் தாளம் சேர்த்துப் பாட்டாக்கினார்கள். குடை விற்கும் கடை ஒன்று விளம்பரமும் செய்தது. எங்கள் சொந்தக்காரர்களின் குழுவில் யாரோ விவரம் புரியாமல் அதே ஸ்டிக்கரைப் போட, பத்துப் பேர் சிரித்து வைத்தார்கள். அந்தக் குழுவில் என் மனைவியும் இருக்கிறார்.

6. மனசு கேட்காமல் நான் அந்த வீடியோவின் கீழே எழுதினேன். இது குடைக்காக அழுத அழுகை அல்ல, விபத்தில் கணவன் செத்துவிட்டானோ என்று பயந்து அழுதது, அந்தக் கணவன் நான்தான் என்று விளக்கமாகவே எழுதினேன். முதலில் வந்த பதில், “அப்ப அந்தக் குடை நீங்கதானா?” என்பது. அதற்கு ஆயிரக்கணக்கில் லைக் விழுந்தது. கேட்டவர் கிண்டலாகத்தான் கேட்டார், ஆனால் அது உண்மைதான்.

7. மைக்கைத் தவறாகப் பயன்படுத்தியதாக நிர்வாகம் என் மனைவிக்கு மெமோ கொடுத்து, அவரைச் சரக்கு அறைக்கு மாற்றியது. அறிவிப்புக்கு ஒரு பதிவுக் குரலை வைத்துவிட்டார்கள். சரக்கு அறைக்கும் ஆட்கள் தேடி வந்து, “அக்கா, ஒரே ஒரு தடவை குடை சொல்லுங்க” என்று கைப்பேசியை நீட்டினார்கள். வேலையை விட்டுவிட்டார். வீட்டிலும் பேச்சுக் குறைந்தது. சிரிப்பு முதலில் போயிற்று, அப்புறம் சத்தம் போடுவதும் நின்றது.

8. பிறகு செயலி ஒன்று வந்தது. நாம் எதைத் தட்டச்சு செய்தாலும் விரும்பிய குரலில் அதைப் பேசிக் காட்டுகிறது. அந்தக் குரல்களின் வரிசையில் ‘குடை அக்கா’ என்று என் மனைவியின் குரலையும் வைத்திருக்கிறார்கள். யாரைக் கேட்டு வைத்தார்கள் என்று தெரியவில்லை. அந்தக் குரலில் கெட்ட வார்த்தை பேச வைக்கிறார்கள். அதையாவது காதைப் பொத்திக்கொண்டு இருந்துவிடலாம். எங்கள் மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். அம்மா தொலைபேசியில் சரியாகப் பேசுவதில்லை என்ற ஏக்கத்தில், அந்தச் செயலியில், “கண்ணு, சாப்பிட்டியா? வெயில்ல அலையாத” என்று எழுதி, அம்மா குரலில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ஒருநாள் வீடியோ அழைப்பில் அம்மாவுக்கே அதைப் போட்டுக் காட்டினான். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருக்கிறான் பாவம். என் மனைவி கடைசிவரை கவனமாகக் கேட்டார். அப்புறம், “அதான் அவ பேசுறாளே. நான் எதுக்கு?” என்றார்.

ஐயா, அவர் கடைசியாகப் பேசியது அதுதான். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மகன் ஊருக்கு வந்து காலடியில் உட்கார்ந்து அழுதான். தலையைத் தடவிக் கொடுத்தார், பேசவில்லை. சாப்பாடு தயாரானால் தட்டில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுகிறார். நான் எழுந்து போகிறேன். ஊரில் உள்ள எல்லோருடைய கையிலும் இருக்கிற குரல் என் வீட்டில் மட்டும் இல்லை.

9. முதல் மனுவுடன் தங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உள்ளே எழுத்தர் ஒருவருடைய கைப்பேசி ஒலித்தது. “ஏங்க, குடை இங்கதாங்க இருக்கு, வந்துடுங்க” என்று என் மனைவி கூப்பிட்டார். இத்தனை வருடப் பழக்கம், நான் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். நின்ற பிறகுதான் அது ரிங்டோன் என்று புரிந்தது. அந்த எழுத்தர் என் மனுவைப் படித்ததும் முகம் வெளிறிப்போய், என் எதிரிலேயே அதை அழித்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனிதர். அவர்மேல் நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

10. ஆனால் தங்கள் அலுவலகத்தின் பதிலில், பாதிக்கப்பட்டவர் உதவி எண்ணை அழைத்துத் தம் சொந்தக் குரலில் புகாரை உறுதிசெய்தால்தான் மேல்நடவடிக்கை எடுக்க முடியும் என்று உள்ளது. முயன்று பார்த்தோம். ஒலி கேட்டதும் பேசவும் என்று இயந்திரம் சொன்னது. ஒலியும் வந்தது. என் மனைவி கைப்பேசியைக் காதில் வைத்தபடியே வெகுநேரம் நின்றிருந்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர், “அந்தச் செயலியிலயே எழுதிப் போட்டு விட்டுடுங்க, அக்கா குரல்தானே, யாருக்குத் தெரியப்போகுது?” என்று யோசனை சொன்னார். செய்திருந்தால் தங்கள் இயந்திரம் ஏற்றுக்கொண்டிருக்கும் என்றே நினைக்கிறேன். என் மனைவியின் கையெழுத்து செல்லாத இடத்தில் அந்தப் பொய்க் குரல் செல்லுபடியாவதா? எனக்கு மனம் வரவில்லை.

11. ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து,

என் மனைவி நேரில் வந்து, பேசாமல், கையெழுத்து மட்டும் இட்டுக் கொடுக்கும் புகாரை ஏற்றுக்கொள்ளவும்;

மேற்படி வீடியோவையும் அதிலிருந்து செய்த ஸ்டிக்கர், பாட்டு முதலியவற்றையும் நீக்க ஆணையிடவும்;

செயலியின் குரல் வரிசையிலிருந்து என் மனைவியின் குரலை எடுத்துவிடச் செய்யவும்

பணிவுடன் வேண்டுகிறேன். படம் பிடித்த இளைஞரைத் தண்டிக்கக் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்தது கண்ணாடி வழியாகப் பார்த்த அழுகை மட்டும்தான். நஷ்ட ஈடும் வேண்டாம். எல்லோரிடமிருந்தும் அந்தக் குரலைத் திரும்ப வாங்கிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும், நான் குழந்தை அல்ல. ஆனால் ‘அவ’ பேசுவது நின்றால் இவர் பேசுவார் என்று நம்புகிறேன். திட்டுவதற்காகவாவது என்னை ஒரு தடவை அவர் வாயால் கூப்பிட வேண்டும். எனக்கு அது போதும்.

விசாரணைக்கு எந்த நேரத்தில் அழைத்தாலும் கடையை மூடிவிட்டு வருகிறேன். கூப்பிட்டு நான் வராமல் போனது அந்த ஒரு நாள் மட்டும்தான்.

இடம்: பேருந்து நிலையம்
நாள்: பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
கடிகாரம் பழுது பார்ப்பவர்

மனைவி தம் கைப்பட எழுதியது:

படித்துப் பார்த்தேன். எல்லாம் சரி. நான்காம் பத்தியில் சாப்பாடு ஆறிப்போயிருந்தது என்று எழுதியிருக்கிறார். ஆறவில்லை. துண்டு சுற்றி வைத்திருந்தேன்.

(கையொப்பம்)