பாதி முகம் மரத்த வியாழக்கிழமை

சேசு மரி சூசை

பனமரத்துப்பட்டி,
9-5-1964

பூனா பட்டாள ஆஸ்பத்திரியில் பல் பிரிவில் உத்தியோகம் பார்க்கும் ஞானதாஸுக்கு, ஜெபமலரின் தாய்மாமனும் மாங்காய்த் தரகனுமாகிய சூசைமாணிக்கம் எழுதிக்கொள்வது. இங்கு யாரும் நலமில்லை. உன் நலம் அறிய எனக்கு இப்போது ஆவலும் இல்லை. உன் பேருக்கு முன்னால் மை பூசி அடித்திருப்பது "மாப்பிள்ளை" என்ற வார்த்தை. கை பழக்கத்தில் எழுதிவிட்டது, மனசு அடித்துவிட்டது.

வேத புஸ்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்கிறேன். இனி நான் எழுதப்போவதைப் பூலோகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்பவேண்டாம். ஆனால் கடைசி வரி வரை படித்துவிட்டு நம்பாமல் இரு.

சென்ற மாதம் 19ந் தேதி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உங்கள் இருவருக்கும் முதல் கலியாண ஓலை வாசித்தார்கள். அன்று சாயங்காலமே ஜெபமலருக்கு இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி ஆரம்பித்தது. சாதாரண வலியா அது? கன்னம் வீங்கிய வீக்கத்தில், ஜருகுமலையைப் பார்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டு வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவள் முனகின முனகலில் மூன்று நாள் ஏரியில் கொக்கு இறங்கவில்லை. வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் சேலத்துக்கு, வெங்கடாசலம் என்ற பல் டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன்.

நல்ல மனுஷன். நெஞ்சுக் கோளாறு உண்டா, வலிப்பு வந்ததுண்டா, முன்னே போட்ட ஊசி எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுத்தார். மருந்தின் பேர் லிக்னோகெயின் என்றார். லத்தீன் பூசையில் வருகிற பேர் மாதிரி இருந்ததால் எனக்குப் பிடித்துப்போயிற்று. "கொஞ்சம் தாராளமாவே போடுங்க டாக்டரு, எங்க ஊட்டுக்கு ஒரே புள்ளைங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பத்துக் கூடை மாங்காய் பழுத்திருக்கும். அளவு மீறினால் காதில் மணி அடிக்குமாம், உதடு குறுகுறுக்குமாம், வலிப்பு வருமாம், நெஞ்சுத் துடிப்பே நின்றாலும் நிற்குமாம். ஊசியைக் குத்தியவர் உடனே மருந்தை இறக்கவில்லை. பின்னால் இழுத்து, இரத்தம் ஏறவில்லை என்று பார்த்துவிட்டு, மெல்ல இறக்கினார். ஒன்பது மணிக்குப் பல் தட்டில் விழுந்தது. ஜெபமலர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மரப்பு இறங்குகிற வரைக்கும் சூடாக எதுவும் குடிக்காதே, உதட்டைக் கடித்துக்கொள்ளாதே, இரண்டு மூன்று மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

திரும்புகிற பஸ்ஸில்தான் பார்த்தேன். மரத்தது உதடு மட்டும் இல்லை. இடது பக்கம் வாயே ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. வலது கண் இமைத்தது. இடது கண் இமைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால், கலியாணப் புடவைக்கு நிறம் கேட்கவென்று சொல்லாமல் கொள்ளாமல் வாழப்பாடியிலிருந்து உன் அப்பா உபகாரசாமியும் உன் அம்மாவும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். என் அக்காள் இன்னாசிமேரி ஒன்றும் தெரியாமல் மகள் கையில் காப்பித் தட்டைக் கொடுத்து அனுப்பினாள். உன் அம்மா, நீயும் ஒரு வாய் குடி கண்ணு என்றார்கள். பெரியவர்கள் சொன்னதைத் தட்டாமல் அவளும் குடித்தாள். குடித்தது அத்தனையும் இடது பக்கமாக வழிந்து சேலையில் இறங்கிற்று. அவள் மூடாத கண்ணோடு உன் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று உன் அப்பா கேட்டார். அந்த இடத்தில் உள்ளதைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. என் நாக்கு அப்படிப்பட்ட நாக்கு இல்லையே. "அது ஒண்ணுமில்லீங்க சம்பந்தி, காலையில பூசையில வானத்துலருந்து ஒரு சம்மனசு எறங்கி வந்து எடது கன்னத்துல முத்தம் குடுத்துட்டாரு. பாதி மொகம் இன்னும் மோட்சத்துல இருக்குது" என்றேன்.

உன் அம்மா எழுந்து நின்றுவிட்டார்கள். முக வாதம் என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அதற்கப்புறம் ஊசி, பல், டாக்டர் எல்லாவற்றையும் சத்தியம் செய்து சொன்னேன். மத்தியானத்துக்குள் சரியாகிவிடும், இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று காலில் விழாத குறை. ஜெபமலரும் சொல்லிப் பார்த்தாள். சொல் வரவில்லை, எச்சில்தான் வந்தது. உன் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, "ஏரியில மீன் புடிச்சேன், தண்ணி ரெண்டடி எறங்கிப்போச்சின்னு போன மாசம் சொன்ன வாய்தானய்யா இது?" என்றார்.

அந்த மீன் கதையை உங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னவன் நான்தான்.

பதினொன்றரை பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். பஸ்ஸை முந்திச் சேலம் கோட்டை வரைக்கும் போய், திரும்பிப் பார்த்தால் பஸ் இன்னும் ஏரிக்கரையில் வந்துகொண்டிருந்தது. நான் வீடு திரும்பிச் சற்று நேரத்தில், பன்னிரண்டே முக்காலுக்கு ஜெபமலர் கூப்பிட்டாள். "மாமா, இங்க பாருங்க" என்றாள். ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக இருந்தது. இரண்டு கண்ணையும் மூடிக் காட்டினாள். பார்க்க வேண்டியவர்கள் அதற்குள் வாழப்பாடியில் இறங்கியிருப்பார்கள்.

26ந் தேதி இரண்டாம் ஓலை வாசிக்கவில்லை. ஏன் என்று கோயில் சாமியாரைக் கேட்டவர்களைவிட, கேட்காமலே தெரிந்துகொண்டவர்கள்தான் அதிகம். மறுநாள் பக்கத்து வீட்டு மாரியாயி, வாதத்துக்குக் கைகண்ட மருந்து என்று புறா ரத்தம் கொண்டுவந்து ஜெபமலர் கன்னத்தில் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். இல்லாத நோவுக்கு இந்தத் தெருவில் ஏழு புறா செத்தது.

நான் டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். பல்லின் நரம்புக்குப் போட்ட மருந்து எப்போதாவது ஒருவருக்குச் சற்றுத் தள்ளிக் கசிந்து, முகத்தை அசைக்கிற நரம்பையும் தூங்க வைத்துவிடுமாம். மருந்து வடிந்ததும் அதுவே விழித்துக்கொள்ளுமாம். அதுவரை ஈரத்துணியால் கண்ணை மூடிவைத்தால் போதுமாம். இதையே ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். வாழப்பாடிக்குக் கொண்டுபோனேன். எத்தனை கூடை மாங்காய்க்கு வாங்கின சீட்டு என்று கேட்டார் உன் அப்பா.

இனி உன் சங்கதி. இத்தனை நாளும் வீட்டில் அழாமல் இருந்தவள் ஜெபமலர் ஒருத்திதான். "யாரு நம்பாட்டியும் அவருக்குத் தெரியும் மாமா. தெனமும் நாப்பது பேருக்கு அந்த மருந்தை ஊசியில ஏத்திக் குடுக்கறவரு. அவரு எழுதுவாரு" என்றாள். தபால்காரர் ரங்கன் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்பாள்.

நீ எழுதினாய். அவளுக்கு இல்லை, உன் அப்பாவுக்கு. "உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள்." ஒரு கார்டு, மூன்று வார்த்தை. அதை உன் அப்பா எங்கள் சாமியாரிடமே காட்டிவிட்டுப் போனார்.

நாற்பது பேருக்கு மருந்து ஏற்றுகிற கையடா அது! என்ன ஊசி போட்டார்கள், எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று ஒரு வரி கேட்டாயா? உன் மேஜை முன்னால் ஒரு சிப்பாய் வாய் கோணி உட்கார்ந்தால், வாதக்காரன் என்று சீட்டுக் கிழித்து ஊருக்கு அனுப்புவாயா? இரண்டு மணி நேரம் இரு தம்பி, சரியாகிவிடும் என்று சொல்லமாட்டாயா? எங்கள் பிள்ளைக்கு மட்டும் அந்த இரண்டு மணி நேரம் கிடையாதா? நான் பொய்யன், ஊருக்கே தெரியும். தெரியாமல் பயந்தவர் உன் அப்பா. நீ தெரிந்துகொண்டே வாயை மூடினவன்.

இப்போது அவள் தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கிறாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவளைக் கட்டிக்கொள் என்று கேட்கவில்லை. வேண்டுமானால் அதை நீ கேள், அவள் யோசிக்கட்டும். உன் அப்பாவுக்கு நாலு வரி எழுது. இது நோவு இல்லை, ஊசி மருந்து, சில மணி நேரத்தில் வடிந்துவிடும், எனக்குத் தெரியும் என்று எழுது. எங்கள் சாமியாருக்கும் ஒரு நகல் போடு.

ஜருகுமலை, கொக்கு, கோட்டை வரை ஓடினது எல்லாவற்றையும் தள்ளிவிடு. புறா இரண்டுதான். ஏரிக்கரையிலேயே செருப்பு அறுந்து உட்கார்ந்துவிட்டேன். அளவு வைத்து ஊசி போட்ட டாக்டரைப் பற்றி அளவில்லாமல் பேசுகிற வாய் இது. ஆனால் இந்தக் கடிதத்தில் ஒரு சின்ன இடம் நிஜம். பன்னிரண்டே முக்காலுக்கு அவள் இரண்டு கண்ணையும் மூடினாள். நான் பார்த்தேன்.

அந்த நாலு வரி எழுத, சர்வேசுரன் உன் வலது கைக்குச் சுகம் கொடுக்கட்டும். ரங்கன் பதினோரு மணிக்கு வருவார். அவள் இன்னும் வாசலுக்குப் போகிறாள்.

இப்படிக்கு,
உன்னை மாப்பிள்ளை என்று எழுதி அடித்த
சூசைமாணிக்கம்