கசிவுக்கு எந்தச் சொல்

அக்டோபர் 21, திங்கள்

இன்று ஆறு அறிக்கை தட்டச்சு செய்தேன். குளங்களைப் பார்க்கும் இந்தப் பொறியாளர் அலுவலகத்தில் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது, இன்னும் ஒப்பந்த வேலைதான். எல்லா அறிக்கையும் ஆங்கிலத்தில் போக வேண்டும். சேதம் எவ்வளவு என்ற கட்டத்துக்கு நாலே சொற்கள். பொருட்படுத்த வேண்டாததற்கு நெக்லிஜிபிள், சிறியதற்கு மைனர், நடுத்தரத்துக்கு மாடரேட், பரவலாக இருந்தால் எக்ஸ்டென்சிவ். எனக்கு இந்தச் சொற்களைப் பிடிக்கும். நோட்டில் இன்னும் சேர்த்து வைத்திருக்கிறேன்: லேசானதற்கு ஸ்லைட், கணிசமானதற்கு கன்சிடரபிள், மிகப் பெரியதற்கு வாஸ்ட். அளவைச் சொல்ல ஒரு மொழிக்கு எத்தனை படிகள்!

அக்டோபர் 22

மதியம் தாவீது அண்ணாச்சி போன் செய்தார். திருவேங்கடம் ஊருக்கு அந்தப் பக்கம் உள்ள குளத்தில் மடை திறந்து அடைக்கிறவர்.

"யம்மா, எஞ்சினியர் போனை எடுக்கல. நீங்க எழுதிக்கிடுங்க. மடைக்குத் தெக்க, கரைக்கு வெளிப்புறம் தண்ணி கசியுது. போன செவ்வாக்கிழமை காலால எட்டு வச்சு அளந்தேன், மூணு எட்டு நீளம். இன்னைக்குப் பதினேழு எட்டு. ஒரு ஓட்டைல என் கை முழங்கை வரைக்கும் போவுது."

"ரொம்பப் பெருசா அண்ணாச்சி?"

"பெருசு சிறுசுன்னு நான் எப்படிச் சொல்ல? பதினேழு எட்டு."

அக்டோபர் 23

உதவிப் பொறியாளர் ஆனந்த்சங்கரிடம் சொன்னேன். அவர் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. பத்தொன்பது குளத்துக்கும் அவர் ஒருவரே.

"மைனர்னு போடுங்க மேடம்."

"பதினேழு எட்டுன்னு சொன்னாரு சார்."

"தாவீது எப்பவும் கூட்டித்தான் சொல்லுவாரு. எக்ஸ்டென்சிவ்னு போட்டா நாளைக்கே மேலதிகாரி ஜீப்புல வந்து நிப்பாரு. மைனர் போதும்."

தட்டச்சு செய்தேன். சாரும் திரையில் பார்த்துச் சரி சொல்லிவிட்டார். அனுப்ப வேண்டியது நான்.

அக்டோபர் 24

அனுப்பவில்லை. சார் கேட்டதற்கு நெட் வரவில்லை என்றேன். பொய்.

அக்டோபர் 27, ஞாயிறு

டவுன் பஸ் பிடித்துத் திருவேங்கடம் போனேன். தாவீது அண்ணாச்சி பைக்கில் வந்து கூட்டிப்போனார். குளத்தில் முக்கால்வாசித் தண்ணீர். கரைக்குக் கீழே நாற்பது வீடு இருக்கும். துணி காய்கிறது, ஆடு கட்டியிருக்கிறது.

கசிவு ஒவ்வொரு நாளும் எங்கே முடிந்ததோ அங்கே ஒரு குச்சி நட்டு வைத்திருக்கிறார். ஒரு நாள்கூட விடவில்லை. இன்று அவர் கால் வைத்து எண்ணினார், நானும் கூடவே நடந்தேன். இருபத்தொன்று. பிறகு கசிகிற தண்ணீரை ஒரு தம்ளரில் பிடித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாருங்க. தெளிஞ்சு வந்தா பயமில்ல. இது கலங்கி வருது. உள்ளுக்குள்ள கரை மண்ணு கரையுதுன்னு அர்த்தம்."

இவரை யாரும் அளக்கச் சொல்லவில்லை. சம்பளமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருமாம். ஆனால் இவர் வாயிலிருந்து 'ஏறக்குறைய' என்று ஒரு தடவைகூட வரவில்லை. என் நோட்டில் உள்ள அத்தனை சொற்களும் இவர் ஒருவருக்கு முன்னால் நிற்குமா?

அக்டோபர் 28

அறிக்கையை நிறுத்தி வைத்ததை ஆனந்த்சங்கர் சாரிடம் சொல்லிவிட்டேன்.

"யாரைக் கேட்டு நிறுத்துனீங்க? உங்க ஒப்பந்தத்த இன்னையோட முடிச்சிரச் சொல்லட்டுமா?"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. என்ன காரியம் செஞ்சுட்டு நிக்கேன் — வேலை போயிட்டா வீட்டுல என்ன சொல்லுவேன்? ஆனாலும் வாய் நிற்கவில்லை. "சார், நீங்க ஒரே ஒரு தரம் போய்ப் பாத்துட்டு வாங்க. அப்பவும் மைனர்னா இந்த நிமிசமே அனுப்புதேன்."

அவர் பைக் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

நாலரை மணிக்குத் திரும்பினார். பேண்ட்டில் முழங்கால் வரை கரிசல் சேறு. என்னை எழுந்திருக்கச் சொல்லி என் நாற்காலியில் உட்கார்ந்தார். 'மைனர்' என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். 'எக்ஸ்டென்சிவ்' என்று அவரே அடித்தார்.

"டேப் வச்சு அளந்தேன் மேடம். அவரு இருபத்திரண்டு எட்டுன்னாரு. பதினாறரை மீட்டர் வந்துச்சு. எட்டுக்கு முக்கால் மீட்டர், பிசகவே இல்ல." திரையைப் பார்த்தபடியே, "நான் பாக்காமலே அவரைப் பொய்யாக்கிட்டேன்" என்றார்.

அனுப்பும் பொத்தானையும் அவரே அழுத்தினார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தப்பை இப்படி நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்ள எனக்கு வருமா?

அக்டோபர் 29

ஜீப் வந்தது. சொன்னது போலவே மறுநாளே.

நவம்பர் 2, சனி

மடையைத் திறந்து தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். களிமண்ணும் மணல் மூட்டையுமாக முப்பது பேர் வேலை. எங்கே வெட்டுவது, எவ்வளவு ஆழம் என்று எல்லோரும் தாவீது அண்ணாச்சியைத்தான் கேட்கிறார்களாம். சாரே போனில் சொன்னார், பெருமையாக.

நவம்பர் 9

கசிவு நின்றது. என் ஒப்பந்தம் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 21, வியாழன்

காலையிலிருந்து விடாத மழை. எதிர் வீடு தெரியவில்லை. ஒரு வேலையும் ஓடவில்லை.

நவம்பர் 22

மழை விட்டிருக்கிறது. எட்டே முக்காலுக்கு தாவீது அண்ணாச்சிக்கு போன் போட்டேன்.

"குளம் நெறஞ்சு மிச்சத் தண்ணி மறுகால் வழியா வெளிய பாயுதும்மா. பாத்து ஏழு வருசமாச்சு."

"கரை?"

"நிக்கி. நான் அது மேலதான் நிக்கேன்."

பின்னால் ஒரே கூச்சல். "அங்கன என்ன சத்தம் அண்ணாச்சி?"

"நம்ம ஊர்ப் பிள்ளையதான். பாயுற தண்ணில காலை நனைச்சுட்டு நிக்குதுவ. ஏலே, பள்ளிக்கூடத்து மணி அடிச்சாச்சு, ஓடுங்கலே!"