தெல்லோ கொண்டுவந்த மருந்து

பிப்ரவரி 2

கந்தேலாரியா திருநாள். போன மாதம் மூன்று ராஜாக்கள் திருநாள் ரொட்டிக்குள் ஒளித்துவைத்த பொம்மை கசில்டாவின் துண்டில் வந்ததால் இன்றைக்குத் தமால் அவள் செலவு. காலையிலிருந்து சோளமாவு பிசைந்து, சோள மட்டையில் சுற்றி, அவித்து இறக்கினாள். அவள் புருஷன் தெல்லோ, என் கொழுந்தன், மேட்டில் ஏறும்போதே சீட்டியடிப்பான். ஊர் நாய்கள் எல்லாம் எழுந்து ஓடும். இந்த வருஷம் ஊர்த் தலைவனும் அவன்தான். இருந்தும் அந்தச் சீட்டி நிற்கவில்லை.

"மதினி, இது தமாலா, செங்கல்லா?"

"செங்கல்லுன்னா எடுத்துட்டுப் போய் வீடு கட்டு. மூணு வருஷமா கூரை ஒழுகுது," என்றாள் கசில்டா.

எல்லாரும் சிரித்தோம். என் புருஷன் ஃபிதென்சியோவும் சிரித்தார். ஆனால் அரைத் தமால்தான் சாப்பிட்டார். போன வருஷம் ஆறு சாப்பிட்ட மனுஷன். இடது பக்கமாகவே சாய்ந்து உட்காருகிறார். கேட்டால் வயிறு சரியில்லை என்கிறார். வயிற்றுவலிக்கு யாராவது இடுப்பைப் பிடிப்பார்களா?

பிப்ரவரி 9

கீழே சான் ஹசிந்தோ ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் மரிசேலா சின்னப் பெண். என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை, அவருக்கு எதிரிலேயே சொன்னாள். புற்று எலும்பு வரைக்கும் பரவிவிட்டதாம். குணமாக்க முடியாது, வலியைக் குறைக்கலாம், அதற்கு மார்ஃபின் வேண்டும், அது இங்கே இல்லை. மாநிலத் தலைநகர் சில்பன்சிங்கோவில் ஒரே ஒரு மருந்துக்கடையில்தான் கிடைக்கும். அதற்கும் தனி முத்திரை வைத்த சீட்டு வேண்டும். அந்தச் சீட்டையே அவள் எழுதிப்போட்டு வரவழைக்க வேண்டுமாம்.

"அப்படி என்ன மருந்து அது?" என்று கேட்டேன்.

"கசகசாச் செடியோட பாலிலேருந்து எடுக்கிறதுதாம்மா."

சிரித்துவிட்டேன். சத்தமாக. வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த அறை ஜன்னலில் பார்த்தால் எங்கள் மலை தெரியும். சரிவு முழுக்கச் சிவப்புக் கசகசாப் பூ.

"அவளுக்குச் சிரிப்பு வியாதி, டாக்டரம்மா. கண்டுக்காதீங்க," என்றார் இவர்.

திரும்பி வரும்போது வண்டி குலுங்கின ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் கையைப் பிடித்து நசுக்கினார்.

பிப்ரவரி 10

பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்: "வீட்லயே பால் இருக்கு. கொஞ்சம் கரைச்சுத் தரட்டா?"

கையிலிருந்த காப்பிக் கோப்பை சுவரில் போய் விழுந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு கோபம் நான் பார்த்ததில்லை.

"அந்தப் பாலுதான் எம் புள்ளயக் குடிச்சது. அது என் வாயில படாது."

இசையாஸ். எங்கள் ஒரே மகன். பால் வாங்க வருகிறவர்களுக்குத் துப்பாக்கி தூக்கப் போனான். அடுத்த மலைக்காரக் கும்பல் சாலையில் வைத்துச் சுட்டது. எங்கள் பாலை ஏற்றிப்போகும் அதே வண்டியில்தான் அவனைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அன்றோடு இவர் கீறுகத்தியைத் தூக்கிப் போட்டார். இந்த மலையிலேயே இவரைப்போலப் பாலுக்குக் காயைக் கீற ஆள் கிடையாது. கீறல் ஆழம் துளி மாறாது. இப்போது நானும் கசில்டாவும்தான் கீறுகிறோம். சோளம் விற்று உப்புகூட வாங்க முடியாத ஊரில் வேறென்ன செய்ய?

"ஆஸ்பத்திரி மருந்தும் இதே பால்தானே?" என்று கேட்டேன்.

"அது வேற. அதுக்குச் சீட்டு இருக்கு, முத்திரை இருக்கு. அதுக்காக ஒருத்தனும் ஒருத்தனைச் சுட்டதில்ல."

ஒரே பால். முத்திரை குத்தினால் மருந்து, குத்தாவிட்டால் பிணம். முத்திரையைக் கையில் வைத்திருப்பவனுக்கு இந்த மலைப் பக்கம் ஏறி வர என்ன கேடு?

பிப்ரவரி 16

பட்டாளம் வந்தது. தடிகளை வைத்துக்கொண்டு சரிவு முழுக்கச் செடிகளை அடித்துத் துவைத்தார்கள். நான் வாசலில் நின்றேன். அதிகாரி ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்.

"கடத்தல்காரங்களுக்குக் காசு போற பயிரும்மா இது."

"அவங்க ரோட்டு முக்குலதான் உக்காந்திருக்காங்க சார். வரும்போது பாத்துட்டுத்தானே வந்தீங்க? அவங்க மேல தடி எதுவும் படலியே?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். என் வாய்க்கு ஒரு நாள் சுடத்தான் போகிறார்கள்.

சோளத்துக்கு நடுவில் இருக்கிற கசகசாப் பாத்தியை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை.

பிப்ரவரி 20

நபோர் வந்தான். பால் வாங்குகிறவன், ஞானஸ்நானத்தில் இவர் ஞானத்தகப்பனாய் நின்ற பிள்ளை. வடக்கே இப்போது பால் இல்லாமல் ஆலையிலேயே போதைப்பொடி செய்துவிடுகிறார்களாம், அதனால் பாலுக்குப் பாதி விலைதான் என்றான். காப்பி கேட்டு வாங்கிக் குடித்தான்.

"ஞானம்மா, சில்பன்சிங்கோவுல அரசாங்கக் கூட்டத்துல தெல்லோ மாமா பேசப்போறாராமே?"

"ஆமா. கசகசாவை மருந்துக்குன்னு அரசாங்கமே வாங்கணும்னு கேக்கப்போறான்."

"வேணாம்னு சொல்லுங்க. சட்டப்படி ஆயிடுச்சுன்னா எங்க முதலாளி எதை வெச்சுப் பொழைப்பாரு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். போகும்போது கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். நல்லவிதமாய் வளர்ந்த பிள்ளை. அவன் போனதும் கதவைத் தாழிட்டேன்.

பிப்ரவரி 24

நபோர் சொன்னதைத் தெல்லோவிடம் சொன்னேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கோழிகளை எதிரில் நிறுத்திவைத்துப் பேச்சைப் பழகிக்கொண்டிருந்தான்.

"ஐயாமாரே, தடை போட்டீங்க. தடை எங்க வயலுக்கு வந்துச்சு, துப்பாக்கிக்கு வரலை. நீங்க வாங்க மாட்டேங்கிறதாலதான் அவன் வாங்குறான். ரசீது குடுத்து நீங்க வாங்குங்க. அவன் தானாப் பட்டினியில போவான். எங்கண்ணன் எலும்பு வலியில கெடக்கான், நாங்க மருந்துக்கு நடுவுலயே குடியிருக்கோம்—"

"கோழியெல்லாம் தூங்கிப்போச்சு," என்றாள் கசில்டா.

"போகாதேடா," என்றேன்.

"மதினி, நான் போகலேன்னா அண்ணன் மருந்தை யாரு வாங்குறது? டாக்டரம்மா சீட்டு வந்தாச்சு."

போகாதே என்று மறுபடி சொல்ல மனசு வரவில்லை. உண்மை அதுதான்.

பிப்ரவரி 27

போய்விட்டான். சட்டைப்பையில் சீட்டு. மேடு இறங்கும் வரைக்கும் சீட்டி கேட்டது.

மார்ச் 1

தெல்லோ போன் செய்தான். பேசிவிட்டானாம். கை தட்டினார்களாம். ஒரு பெரிய மனுஷன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டானாம். "கமிட்டி போடுறாங்களாம் மதினி! அப்புறம், மருந்தும் வாங்கியாச்சு. ரெண்டு பாட்டில். நாளைக்கு வந்துடறேன்."

இவர் முகம் மழித்துவிடச் சொன்னார். தம்பி வரும்போது நோயாளி மாதிரி இருக்கக்கூடாதாம்.

மார்ச் 2

வரவில்லை.

மார்ச் 3

தெல்லோ ஏறி வந்த வண்டியின் வேன்காரர் வந்து சொன்னார். முக்குச் சாலையில் வண்டியை மறித்தார்களாம். தெல்லோவைப் பெயர் சொல்லியே கூப்பிட்டு இறக்கினார்களாம். மருந்துப் பையோடு. "அது எங்கண்ணனுக்கு, அதை மட்டும் கொண்டுபோக விடுங்க" என்று வேன்காரர் கையில் கொடுக்கப் பார்த்திருக்கிறான். பையையும் பிடுங்கிக்கொண்டு அவனையும் ஏற்றிப் போய்விட்டார்கள்.

கசில்டா கிணற்றடியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சொல்லித் தேற்ற? என் புருஷனின் வலிக்கு மருந்து வாங்கப் போன ஆள்.

இவரிடம் கூட்டம் நீண்டுவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 6

புகார் கொடுக்கப் போனோம். மேசைக்குப் பின்னாலிருந்தவன் ஊர்ப் பெயரைக் கேட்டான்.

"ஓ, கசகசா போடுற ஊரு. உங்க ஆளு எந்தக் கும்பல்ல இருந்தானோ."

"ஊர்த் தலைவரா இருந்தாரு," என்றாள் கசில்டா. "எழுதுங்க. தலைவரா *இருக்காரு*."

திரும்பி வந்தால், ஜெபமாலை சொல்கிற ஆர்காதியா அம்மா வாசலில் நிற்கிறாள். செத்தவர்களுக்குச் சொல்கிற ஒன்பது நாள் ஜெபத்தைத் தொடங்கலாமா என்று கேட்டதுதான் தாமதம், கசில்டா துடைப்பத்தோடு பாய்ந்தாள். அதுவும் சரிதான். இந்தப் பக்கத்தில் காணாமல் போனவர்களுக்கு யாரும் மெழுகுவத்தி ஏற்றுவதில்லை. ஏற்றினால் செத்துவிட்டான் என்று நாமே கையெழுத்துப் போட்ட மாதிரி. எத்தனை வீடுகளில் படங்கள் சுவரில் ஆணியிலேயே தொங்குகின்றன, இறந்தவர் பீடத்துக்கு வருவதில்லை.

மார்ச் 8

கத்துகிறார். தலையணையை வாயில் கவ்விக்கொண்டு கத்துகிறார். கொஞ்சம் நின்றதும் கேட்கிறார்: "தெல்லோ வந்துட்டானா?"

கடவுளே, உனக்குக் காது இருக்கிறதா இல்லையா?

மார்ச் 9

மத்தியானம் சோளத்துக்குள் போய் நாலைந்து காயைக் கீறிவிட்டு வந்தேன்.

மார்ச் 10

காலையில் வழித்த பாலில் துளியூண்டு எடுத்து, பட்டையும் வெல்லமும் நிறையப் போட்டுக் காய்ச்சி, பழைய இருமல் மருந்துப் பாட்டிலில் ஊற்றினேன். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். திருடுகிற மாதிரி.

"தெல்லோ குடுத்தனுப்பியிருக்கான். அவனை இன்னொரு கூட்டத்துக்கு மெக்சிகோ நகரத்துக்கே கூப்பிட்டுட்டாங்களாம்."

கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகாமல் மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம். மறுபடி சுவரில்தான் வீசப்போகிறார் என்று நினைத்தேன். குடித்தார்.

"நல்ல மருந்து. அரசாங்க மருந்துன்னா சும்மாவா?"

மத்தியானம் வரை தூங்கினார். முகத்தில் இருந்த முடிச்செல்லாம் அவிழ்ந்து, கல்யாணம் செய்த புதிதில் பார்த்த மாதிரி. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். வெட்கமாகவும் இருந்தது. ஏமாற்றிவிட்டேன், ஆனால் ஏமாந்துவிட்டாரே!

மார்ச் 14

இன்று இரண்டு ரொட்டி சாப்பிட்டார். தெல்லோவைப் பற்றிக் கேட்கவில்லை. நேற்றும் கேட்கவில்லை.

மார்ச் 17

வெயிலில் நாற்காலி போடச் சொன்னார். கரண்டியை நீட்டினேன். குடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஹெர்லிந்தா, பட்டையைக் குறைச்சுப் போடு. தொண்டை எரியுது."

கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தேன்.

"நாப்பது வருஷம் கீறினவன் நான். கீறின மறுநாள் காலையில அந்தப் பாலுக்கு ஒரு வாசனை உண்டு. எத்தனை பட்டை போட்டாலும் அது போகாது. மொதக் கரண்டியிலயே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் குடிச்சீங்க?"

"வலிச்சுது புள்ள."

அவர் காலடியில் உட்கார்ந்தேன். அவரே மேலே பேசினார்.

"தெல்லோ வந்திருந்தான்னா நீ இதை என் வாயில ஊத்தமாட்ட. அப்ப அவன் வரல. ஏழு நாளா அதைத்தான் குடிச்சிட்டிருக்கேன்."

அவர் மடியில் விழுந்து அழுதேன். அவர் என் தலையில் கை வைத்துக்கொண்டு சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெழுகுவத்தி ஏத்தினீங்களா?"

"கசில்டா விடமாட்டேங்கிறா."

"ஏத்த வேணாம். நான் எப்படியும் போறவன்தானே. போய்ப் பாக்கிறேன், அங்க இருக்கானான்னு. இருந்தான்னா உன் கனவுல வந்து சொல்றேன். அப்புறம் ஏத்துங்க. நான் வரலேன்னா அவன் அங்க இல்லேன்னு அர்த்தம். விடாமத் தேடுங்க."

சத்தம் கேட்டுத் திரும்பினேன். துவைத்த துணியோடு கசில்டா நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

மார்ச் 23

விடியும்போது போய்விட்டார். வலி இல்லாமல். அதை எழுதிவைக்க வேண்டும். வலி இல்லாமல்.

ஏப்ரல் 1

ஒன்பதாம் நாள். அவரைக் கிடத்திய இடத்தில் தரையில் இட்டிருந்த சுண்ணாம்புச் சிலுவையை எடுத்தோம். நபோர் ஒரு வண்டிப் பூ அனுப்பியிருந்தான், ரிப்பனில் பெயர் போட்டு. அத்தனையையும் பன்றிக்குப் போட்டேன். ஆர்காதியா அம்மா, "பாவம், ஞானப்பிள்ளை அனுப்பினது," என்றாள். "பன்னியும் பாவந்தான், திங்கட்டும்," என்றேன்.

கசில்டா என் வீட்டிலேயே இருக்கிறாள். தினம் காலையில் அடுப்பு மூட்டிவிட்டு, கனவில் இவர் வந்தாரா என்று அதே கேள்வி:

"அக்கா, அத்தான் வந்தாரா?"

"வரலடி."

அதைக் கேட்டால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்குகிறது.

ஏப்ரல் 5

வானொலியில் சொன்னார்கள்: கசகசா பற்றிய கமிட்டி, அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளிவைப்பு. நபோரின் முதலாளிக்கு இனிப் பிழைப்புக் கவலை இல்லை.

ஏப்ரல் 9

வந்தார்.

பட்டாளம் மிதிப்பதற்கு முன்னால் இருந்த சரிவு. இவர் நேராக நின்று கீறிக்கொண்டிருந்தார், இடுப்பைப் பிடிக்காமல். பக்கத்தில் இசையாஸ். கையில் துப்பாக்கி இல்லை, பால் வழிக்கிற தகர டப்பா. என்னைப் பார்த்து இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. கீழே மேட்டிலிருந்து சீட்டிச் சத்தம் கேட்டது. நாய்கள் எல்லாம் எழுந்து ஓடின. அதோடு விழித்துக்கொண்டேன்.

அசையாமல் படுத்திருந்தேன். வெறும் கனவுதானே? என் மனசே கட்டிவிட்ட கதையாக இருக்காதா? ஆனால் அவர் சொன்ன சொல் தவறாதவர். மெழுகுவத்தி அலமாரியில் இருக்கிறது. எழுந்து போய் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

அடுப்படியில் கசில்டா மாவு தட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள்.

"அக்கா, அத்தான் வந்தாரா?"

அவள் கை தட்டுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது.

"வரலடி," என்றேன்.

"வரல," என்று அவளும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "வியாழக்கிழமை மண்ணைக் குத்திப் பாக்கிற கம்பி எடுத்துக்கிட்டு, காணாமப் போனவங்களை மலையில தேடப்போற பொம்பளைங்களோட நாமளும் போவோம் அக்கா. இவரை உசுரோட எங்கயாவது அடைச்சு வெச்சிருப்பானுங்க. மருந்து வாங்கத்தானே போனாரு, அவரு என்ன பண்ணினாரு?"

போவோம் என்றேன். அவள் மறுபடி மாவு தட்ட ஆரம்பித்தாள். எங்கள் இரண்டு பேருக்குப் போக, கூடுதலாக நாலு ரொட்டி போட்டுத் துணியில் சுற்றிவைத்தாள்.