வளையம் வைத்த குறடு

அன்பு மகளுக்கு,

ஆணி பிடுங்க இல்லை. வண்டிச் சக்கரத்துக்கும் இல்லை. நீ நினைத்த மாதிரி உடைந்துபோன குறடும் இல்லை. இரு, வருகிறேன். முதலில் நலம் சொல்லிவிடுகிறேன். நான் நலம், வீடு நலம், அப்பாவும் நலம் என்றுதான் போன வாரம் வரை எழுதியிருப்பேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அனுப்பிய படத்தில் உன் சுவரில் மாட்டிய குறடு தெரிகிறது, உன்னைத்தான் காணோம்.

"இது எதுக்கும்மா" என்று நீ கேட்டதும் அப்பாவிடம் காட்டினேன். "எனக்கு முன்னாடி பட்டறை வச்சிருந்தவரு போட்டுட்டுப் போனது. எதுக்குன்னு யாருக்குத் தெரியும்" என்று சட்டென்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரும்பைத் தட்டிப் பார்த்தே குணம் சொல்கிற மனிதருக்கு இது தெரியாதாம். எனக்கு உறுத்தியது. நான் சாப்பாடு கொண்டு போகும்போதெல்லாம் அது கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கும். ஒரு காம்பு குட்டை, நுனியில் அகலமான வளையம். மற்றது முழங்கை நீளம். பட்டறைக்கு எதிரே இருக்கிற லேத்துக்காரரிடம் கேட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்தார். "இது சும்மா தொங்கின சாமானாக்கா? காம்பெல்லாம் கறுத்துக் கிடக்கு. வளையத்துக்கு உள்பக்கம் மட்டும் பாருங்க, தினம் போட்டுக் கழட்டின வளையல் மாதிரி மின்னுது." பிறகு சிரிக்கவில்லை. பழைய பட்டறைக்காரர் இடது கையை எப்போதும் துண்டுக்குள்ளேயே வைத்திருப்பாராம். விரல் மடங்காதாம். வளையத்துக்குள் கையை நுழைத்து, நீளக் காம்பை முழங்கையால் விலாவோடு அழுத்துவாராம். குறட்டின் வாய் இறுகிக்கொள்ளும். பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடிக்க விரலே வேண்டாம்.

அவர் இறந்து பதினைந்து வருடம். அப்படியானால் வளையத்தை மின்ன வைத்தது யார் கை?

ஒரு வருடமாக அப்பா காலையில் சட்டைப் பொத்தானை என்னைத்தான் போடச் சொல்கிறார். இந்த வயதில் கொஞ்சல் என்று நினைத்தேன். "சின்னப் பிள்ளையா நீங்க" என்று கேட்டுக்கொண்டே போட்டுவிடுவேன். பெருமையாகக்கூட இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது.

போன விடுமுறையில் நீ ஆசைப்பட்டுக் கேட்டபோது, "எடுத்துக்கோ பாப்பா, பழசுதானே" என்று துணியில் சுற்றி உன் பெட்டியில் வைத்தவரும் அவர்தான். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்து இரும்புக் கதவு பாதியில் நிற்கிறது. கேட்டால் கரி சரியில்லை என்கிறார். நேற்று மெல்ல, அதைத் திருப்பி அனுப்பச் சொல்லட்டுமா என்றேன். "வேண்டாம். கேட்டா ஏன்னு சொல்லணும். ஆசையா மாட்டி வச்சிருக்கு பிள்ளை, இருக்கட்டும்." விரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.

உடனே அழ ஆரம்பிக்காதே. உன் தப்பு ஒன்றுமில்லை. அனுப்பிவிடு, அவ்வளவுதான். அப்பாவிடம் விசாரிக்காதே. வீட்டுக்காரம்மா சுவரில் ஆணி அடிக்க விடவில்லை, இந்தக் கருமத்தை நீங்களே வச்சுக்குங்க என்று அலுத்துக்கொள், அது உனக்கு நன்றாக வரும். பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்து வைக்காதே, இருக்கிறபடியே வரட்டும். டாக்டரை நான் பார்த்துக்கொள்கிறேன். என் முழங்காலுக்கு என்று வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். துணைக்கு அவர் வந்தாக வேண்டும். என் முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை.

நன்றாக இரு கண்ணு. உன் கை பிடித்தது எதுவும் நழுவாமல் இருக்கட்டும்.

உன் அம்மா

இதை ஒட்டுவதற்குள் அப்பா கூப்பிட்டுவிட்டார். சின்னப் பிள்ளையா என்று இன்று கேட்கவில்லை. ஐந்து பொத்தானையும் போட்டுவிட்டு வந்தேன்.