திட்டாத டாக்டர்

12 ஜனவரி 2006, வியாழன்

கட்டு மாற்ற கங்கப்பன் டாக்டரிடம் போனேன். ஆபரேஷன் முடித்து அனுப்பும்போதே பெங்களூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், மார்பில் போட்ட கட்டை உங்கள் ஊர் டாக்டரே மாற்றலாம் என்று. மத்திகிரிக்குக் குடி வந்த நாளிலிருந்து எங்களுக்கு அவர்தான் டாக்டர். மகள் லாவண்யாவுக்குப் போட்ட அம்மை, வீட்டுக்காரருக்கு கம்பெனியில் நசுங்கிய விரல், என் ஓயாத தலைவலி, எல்லாம் அவர் பார்த்ததுதான். மருந்தைவிடத் திட்டுதான் அதிகம் கிடைக்கும். "காபியைக் குடம் குடமா குடிச்சா தலை வலிக்காம என்ன பண்ணும்?" என்று கத்துவார். வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும். மானம் போகும்.

இன்றைக்கு டோக்கன் கேட்டால், வாசலில் ஆள் கூப்பிடும் சாந்தம்மா, "உனக்கு எதுக்குக்கா டோக்கன், நீ உள்ள போ" என்றாள். பெஞ்சு மொத்தமும் என்னையே பார்த்தது. உள்ளே அவர் பஞ்சால் துடைத்துவிட்டு, "ஆறிட்டு வருதும்மா" என்றார், அவ்வளவு மெதுவாக. கங்கப்பனா இது? காலையிலேயே மூன்று காபி குடித்தேன் என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன்.

"பரவால்லம்மா" என்கிறார்!

14 ஜனவரி

பொங்கல். இடது கையைத் தூக்க முடியவில்லை. லாவண்யாதான் பானையை இறக்கினாள். வெல்லம் குறைச்சல். ஒருவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

30 ஜனவரி, திங்கள்

பெங்களூரில் முதல் கீமோ. சிவப்பு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. அங்கே பெரிய டாக்டர் நல்லவர்தான், கெட்டிக்காரர். ஆனால் ஃபைலைப் பார்த்துத்தான் என் பெயரைச் சொல்கிறார். எனக்கு ஊசி என்றால் வாய் ஓயாமல் பேச்சு வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கங்கப்பனாக இருந்தால் "வாயை மூடு ராஜி" என்றிருப்பார். பஸ் அத்திப்பள்ளி தாண்டியபோது அந்தக் குரலைக் கேட்க வேண்டும்போல அப்படி ஓர் ஏக்கம். அழுதேன். வாந்தி வருகிறது என்று நினைத்து வீட்டுக்காரர் கவரை நீட்டினார்.

9 பிப்ரவரி

காய்ச்சல். நேரே கங்கப்பனிடம்தான் போனேன். தெர்மாமீட்டரைப் பார்த்தவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இங்க வெச்சுப் பார்க்கிற காய்ச்சல் இல்லைம்மா இது. இப்பவே பெங்களூர் போகணும்."

"ஒரு ஊசி போடுங்க, சரியாயிடும்."

"போட மாட்டேன்."

அவரே காருக்கு போன் பண்ணினார். அவ்வளவுதானா? ஒரு மாத்திரைகூடக் கிடையாதா எனக்கு? என்னைத் தள்ளிவிட்டால் போதும் என்று ஆகிவிட்டதா? கார் வந்ததும் அவரைத் திரும்பிப் பார்க்காமல் ஏறினேன்.

13 பிப்ரவரி

ஆஸ்பத்திரிப் படுக்கை. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்துவிட்டதாம். வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுப் படுத்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்கிறார் பெரிய டாக்டர். நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க ஊரு டாக்டர் தினமும் போன் பண்றாரும்மா. நீங்க இட்லி சாப்பிட்டீங்களான்னு எங்களை வெரட்றாரு."

அவர்களை விரட்டுகிறாராம். அங்கேயெல்லாம் வாய் வருகிறது. என்னிடம் மட்டும் ஏன் இல்லை?

9 மார்ச்

இரண்டாவது கீமோ முடிந்து முடி போயிற்று, புருவமும் போயிற்று. வாயெல்லாம் புண். இனிமேல் போக மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் கெஞ்சினார், லாவண்யா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். யார் சொன்னாலும் கேட்பதாக இல்லை. கங்கப்பனிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று போனேன்.

"எனக்குப் போதும் டாக்டர்."

மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அதற்காகத்தான் போனேன். அவர் ரொம்ப நேரம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கஷ்டந்தாம்மா... நான் என்ன சொல்றது" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "ஏன் டாக்டர் என்னைத் திட்ட மாட்டேங்கிறீங்க? சாகப்போறவதானேன்னு விட்டுட்டீங்களா?" — கத்திவிட்டேன். வெளியே பெஞ்சு அடங்கிப்போயிற்று.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அய்யோ, அப்படி இல்ல ராஜி. பயம். எனக்குத்தான் பயம். தெரிஞ்ச வீடுன்னா டாக்டருக்கு மட்டும் இருக்காதா? உன்னைப் பார்த்தா திட்ட வாயே வரல."

கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். பிறகு அவரே: "திங்கக்கிழமை ஊசிக்குப் போ. எல்லா ஊசியும் முடிச்சு, ரேடியேஷன் கரண்டும் வெச்சு முடிச்சு வா. அதுவரைக்கும் உள்ள திட்டை எல்லாம் சேர்த்து வெச்சுக்கறேன். ஒண்ணு விடாம திட்றேன்."

"நிஜமா?"

"சாந்தம்மாகிட்ட வேணா கேளு. பொய் சொன்னா அவளே என்னை விடமாட்டா."

13 மார்ச்

போனேன்.

25 மே

மழை. ஆறாவது ஊசியும் முடிந்தது. லாவண்யா பிளஸ் டூ பாஸ். இன்றைக்கு ரசம் ருசித்தது.

20 ஜூலை

கரண்ட் வைத்த இடம் கறுத்துக் கிடக்கிறது. இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று பெங்களூரில் சொல்லிவிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஓர் இருமல் வந்தால்கூட இனி யாரும் அதை இருமல் என்று சொல்ல மாட்டார்கள். வெறும் இருமல் இருமுகிற பழைய ராஜலட்சுமி எப்போது வருவாள்?

23 நவம்பர், வியாழன்

நான்கு நாளாக இருமல். வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. நானும் ராத்திரி தூங்கவில்லை. காலையில் கங்கப்பனிடம் போனேன். தலையில் குட்டை முடி, தலைப்பை இழுத்து மூடியிருந்தேன். நேரே உள்ளே போகப் பார்த்தால் சாந்தம்மா கையை நீட்டிவிட்டாள்.

"எங்கக்கா போற? உனக்கு முன்னாடி ஆள் இருக்குது பாரு. டோக்கன் வாங்கு."

வாங்கினேன். பேரிகையிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கும், அழுகிற குழந்தைக்கும் நடுவில் உட்கார்ந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

உள்ளே அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அக்குளைப் பார்த்தார். முதுகில் ஸ்டெத்தை வைத்து, மூச்சை இழு, விடு என்று ரொம்ப நேரம் கேட்டார். என் நெஞ்சு படபடத்தது அவருக்குக் கேட்டிருக்கும். போன வாரம் பெங்களூரில் எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்தார்.

"சளி."

"சளிதானா?"

"பின்ன என்ன? கார்த்திகைப் பனியில தலைக்கு ஒரு துணி கட்டாம மொட்டை மாடிக்குப் போனியா? எத்தனை வருஷமா சொல்றேன்! அறிவு வேண்டாம்? அந்தக் காபியைக் குறைச்சியா? இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடறதுக்கா நான் இங்க உக்காந்து கத்தறேன்?"

கத்தினார். கத்திக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்தபோது பேரிகைப் பெரியவர் பாவமாகப் பார்த்தார். "ரொம்பத் திட்டிட்டாராம்மா?"

"ஆமாங்க. நல்லாத் திட்டிட்டாரு." சிரிப்பை அடக்க முடியவில்லை.

மூன்று வேளை மாத்திரை. காபி கூடாதாம். குடித்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.